கர்ப்பிணியும் டாக்ஸோபிளாஸ்மாவும்: ஒரு பரிசோதனைக்குப் பின்னால் வேண்டியவை



பிரான்சில் ஒரு பெண் கருவுற்றால், டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கு எதிரான எதிர்ப்பொருள் அவர் ரத்தத்தில் இருக்கிறதா என்று தொடக்கத்திலேயே பார்த்துவிடுகிறார்கள். இல்லை என்று வந்தால் பிரசவம் வரைக்கும் மாதாமாதம் மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள். 1992 முதல் அங்கே இது நடைமுறை. ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிப் பிரிட்டனுக்குப் போனால் வழக்கமான கர்ப்பகாலச் சோதனைகளில் இதற்கு இடமே இல்லை. வேண்டாம் என்று அந்நாட்டின் தேசியப் பரிசோதனைக் குழு தீர்மானித்திருக்கிறது. ஒட்டுண்ணி ஒன்றுதான். மருத்துவ அறிவிலும் இரண்டு நாடுகளில் எதுவும் பின்தங்கியது இல்லை. பிறகு ஏன் இந்த வேறுபாடு? இன்றைய பேச்சை இந்தக் கேள்வியில் தொடங்குகிறேன். இதற்கு விடை தேடும்போது, நம் ஊர் மகப்பேறு மருத்துவமனைகளில் அன்றாடம் எழுதித் தரப்படும் ஒரு பரிசோதனைச் சீட்டில் என்ன கோளாறு என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் அந்த உயிரியைப் பார்ப்போம். 1908இல் வட ஆப்பிரிக்காவின் துனிஸ் நகரில், பாஸ்டர் நிறுவனத்தில் வேலை செய்த சார்ல் நிக்கோலும் லூயி மான்சோவும் 'குண்டி' என்ற கொறிவிலங்கின் உடலில் இதைக் கண்டார்கள். அதே ஆண்டில் பிரேசிலின் சாவோ பாலோவில் ஸ்ப்லெண்டோரே என்பவர் முயலில் கண்டார். மனிதருக்கும் இதற்கும் என்ன உறவு என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1923இல் பிராகு நகரத்துக் கண் மருத்துவர் யோசப் யான்கூ, தலையில் நீர்கோத்து இறந்த ஒரு குழந்தையின் விழித்திரையில் சின்னஞ்சிறு பொதிகளைப் பார்த்து எழுதிவைத்தார். அவை என்ன என்று உறுதியாகச் சொல்ல இன்னும் பல ஆண்டுகள் ஆயின. நியூயார்க்கில் சிசேரியனில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு மூன்றாம் நாள் வலிப்பு கண்டது; ஒரு மாதத்தில் இறந்துபோனது. வுல்ஃப், கோவன், பெய்ஜ் ஆகிய மூவரும் அந்தக் குழந்தையின் மூளைத் திசுவிலிருந்து ஒட்டுண்ணியைப் பிரித்தெடுத்து, விலங்குகளில் செலுத்திப் பார்த்து, 1939இல் உறுதிப்படுத்தினார்கள். தாயிடமிருந்து கருவுக்குப் போகிற தொற்று இது என்பது அன்றுதான் நிலைநாட்டப்பட்டது.

1948இல் ஆல்பர்ட் சேபினும் ஹாரி ஃபெல்ட்மனும், ரத்தத்தில் இதன் எதிர்ப்பொருளைக் காட்டும் சாயச் சோதனையைக் கொண்டுவந்தார்கள். போலியோ சொட்டு மருந்தைத் தந்த அதே சேபின்தான். அந்தச் சோதனை வந்தபின் ஊர் ஊராக ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வியப்பான செய்தி கிடைத்தது. உலகில் கோடிக்கணக்கானவர்களுக்கு இந்தத் தொற்று வந்துபோயிருக்கிறது. பெரும்பாலோருக்கு வந்ததே தெரியவில்லை. இரண்டு நாள் காய்ச்சல், கழுத்தில் ஒரு நெறிகட்டி, அவ்வளவுதான். நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு இது பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. தசையிலும் மூளையிலும் பொதிகளாக ஒடுங்கி, அவர் வாழ்நாள் முழுக்க அப்படியே கிடக்கிறது. ஒருமுறை வந்துவிட்டால், உடல் அதைக் கட்டிவைக்கக் கற்றுக்கொள்கிறது.

பேச்சின் அச்சாணி இங்கேதான் இருக்கிறது. மாணவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். கருவுக்கு ஆபத்து எப்போது? தாய்க்கு இந்தத் தொற்று வாழ்க்கையில் முதன்முறையாகக் கர்ப்ப காலத்தில் வந்தால்தான். கர்ப்பத்துக்குப் பல மாதங்கள் முன்பே வந்துபோயிருந்தால், நோய் எதிர்ப்புத் திறன் நன்றாக இருக்கிற பெண்ணைப் பொறுத்தவரை, குழந்தைக்கு அநேகமாக ஆபத்தே இல்லை. ஆகவே பழைய தொற்றின் அடையாளமான ஐஜிஜி எதிர்ப்பொருள் 'பாசிட்டிவ்' என்று வந்து, தொற்றின் தொடக்கத்தில் தோன்றும் ஐஜிஎம் 'நெகட்டிவ்' என்றும் வந்தால், அந்தப் பெண் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். கவனமாக இருக்க வேண்டியவர், இரண்டுமே நெகட்டிவ் என்று வந்த பெண். அவருக்கு இன்னும் பாதுகாப்பு இல்லை.

நம் ஊரில் நடப்பது இதற்கு நேர் எதிர். ஸ்கேன் படங்களோடு பிளாஸ்டிக் கவருக்குள் மடித்து வைத்திருக்கும் ஒரு ரிப்போர்ட்டை நினைத்துப் பாருங்கள். தலைப்பு 'டார்ச் பேனல்'. டாக்ஸோ, ரூபெல்லா, சிஎம்வி, ஹெர்பிஸ் என்று வரிசையாகப் பெயர்கள். டாக்ஸோ ஐஜிஜி என்ற வரிக்கு நேரே ஓர் எண். பக்கத்தில் தடித்த எழுத்தில் 'பாசிட்டிவ்'. அடுத்த வரியில் ஐஜிஎம் நெகட்டிவ், சாதாரண எழுத்தில். அடியில் 'மருத்துவ நிலையோடு பொருத்திப் பார்க்கவும்' என்று பொடி எழுத்தில் ஒரு வாக்கியம். எத்தனை வாரக் கர்ப்பம், ரத்தம் எடுக்க என்ன காரணம் என்று அந்தத் தாளில் எங்கும் இல்லை. அதை என் மேசைமேல் வைத்த பெண்ணுக்குப் பத்து வாரம். ரிப்போர்ட் கைக்கு வந்ததிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. கணவர் கேட்ட முதல் கேள்வி, "கலைச்சிடணுமா?" மாமியார், "வீட்டுல பூனை இருக்கு, அதான்" என்றார். அந்தப் பெண்ணுக்கு இந்தத் தொற்றைப் பொறுத்தவரை வரக்கூடிய மிக நல்ல ரிப்போர்ட் அது. அதைச் சொல்ல அந்தத் தாளில் ஒரு வரி இருக்கவில்லை.

இப்போது பிரான்சுக்குத் திரும்புவோம். அங்கே மட்டும் இந்தப் பரிசோதனை எப்படி வேர்விட்டது? இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பாரிசில் இந்தத் தொற்று மிகப் பரவலாக இருந்தது. 1960களில் பாரிசுப் பெண்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோருக்கு அது வந்துபோயிருந்தது. சரியாக வேகாத கறியைச் சாப்பிடும் வழக்கம்தான் காரணம் என்று ஜார்ஜ் தெமோன் என்ற மருத்துவர் ஐயப்பட்டார். காசநோய் விடுதி ஒன்றில் இருந்த குழந்தைகளின் உணவை வைத்து அவருடைய குழு ஓர் ஆய்வு நடத்தி 1965இல் வெளியிட்டது. அரைவேக்காட்டு மாட்டுக்கறி சாப்பிட்ட குழந்தைகளிடம் தொற்று கூடியது. ஆட்டுக்கறியும் சேர்ந்தபோது இன்னும் ஏறியது. அந்த ஆய்விலிருந்து நமக்குக் கிடைத்த அறிவு பெரிது. ஆனால் நோயுற்ற குழந்தைகளின் தட்டில் அந்தக் கேள்வியை வைத்தது தவறு என்பதையும் இந்த மேடையில் சொல்லியாக வேண்டும். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அதற்கு அனுமதி தராது.

பிறகு அதே தெமோனும் ழாக் குவ்ரேரும் 378 கர்ப்பங்களைப் பின்தொடர்ந்து 1974இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தாய்க்குத் தொற்று வந்தாலும் எல்லாக் குழந்தைகளுக்கும் போவதில்லை என்பதும், எந்த மாதத்தில் வந்தது என்பதைப் பொறுத்தே எல்லாம் மாறுகிறது என்பதும் அப்போது தெளிவாயின. 1978இல் திருமணத்துக்கு முந்தைய மருத்துவச் சான்றிதழில் இந்தப் பரிசோதனை சேர்ந்தது. பின்னர் கர்ப்பகாலத்துக்கும், 1992இல் மாதாந்தரச் சோதனையாகவும் விரிந்தது. ஆஸ்திரியா இதற்கும் முன்னோடி. தாய்-சேய் கையேட்டில் 1970களின் நடுவிலேயே இதைச் சேர்த்துவிட்டது.

எந்த மாதம் என்பதில் ஒரு விசித்திரமான முரண் உண்டு. லியோன் நகரில் 603 கர்ப்பிணிகளைக் கொண்டு நடந்து 1999இல் வெளியான ஆய்வின் கணக்கைச் சொல்கிறேன். தாய்க்கு 13ஆம் வாரத்தில் தொற்று வந்தால் அது கருவுக்குப் போகும் வாய்ப்பு 6 விழுக்காடு. 26ஆம் வாரத்தில் 40. 36ஆம் வாரத்தில் 72. நஞ்சுக்கொடி வளர வளர, ரத்த ஓட்டம் பெருகப் பெருக, ஒட்டுண்ணிக்கு வழி அகலமாகிறது. ஆனால் கருவுக்குப் போய்விட்டால் நடப்பது தலைகீழ். 13ஆம் வாரத்தில் தொற்று பெற்ற கருக்களில் 61 விழுக்காட்டுக்கு மூன்று வயதுக்குள் நோய்க்குறி தெரிந்தது. 26ஆம் வாரத்தில் 25. 36ஆம் வாரத்தில் 9. முன்னால் வந்தால் அரிது, ஆனால் கொடிது. பின்னால் வந்தால் பரவலானது, ஆனால் பெரும்பாலும் லேசானது. மூளையில் சுண்ணாம்புப் படிவு, தலையில் நீர்கோத்தல், விழித்திரையில் தழும்பு ஆகியவைதான் அந்தக் கொடுமைகள். பிறக்கும்போது நலமாகத் தெரிந்த குழந்தைக்குப் பத்து, பதினைந்து வயதில் விழித்திரைப் புண் புதிதாகக் கிளம்புவதும் உண்டு. ஆகவே பிரசவத்தோடு இந்தக் கணக்கு முடிவதில்லை.

மாதாமாதம் ரத்தம் எடுப்பதன் நோக்கம் இப்போது விளங்கும். போன மாதம் நெகட்டிவ், இந்த மாதம் பாசிட்டிவ் என்றால் தொற்று எப்போது வந்தது என்று ஏறக்குறைய நாள் குறித்துச் சொல்லலாம். ஒரே ஒரு சோதனையால் அதைச் சொல்ல முடியாது. பிரெஞ்சுக்காரர்கள் அமைத்தது ஒரு தொடர். தொற்று தெரிந்தவுடன் ஸ்பைராமைசின் மாத்திரை. நான்கு வாரமாவது கழித்து, பதினெட்டு வாரம் தாண்டியபின், பனிக்குட நீரை எடுத்து பிசிஆர் சோதனை. கருவுக்குப் போயிருந்தால் பைரிமெத்தமின், சல்ஃபாடயசின், கூடவே ஃபோலினிக் அமிலம். மாதந்தோறும் ஸ்கேன். பிறந்த குழந்தைக்கு ரத்தச் சோதனையும் நீண்ட சிகிச்சையும். ஆண்டுக் கணக்கில் கண் பரிசோதனை. எந்த லேபில் பார்ப்பது, யாரிடம் அனுப்புவது, எந்த நாளில் என்ன முடிவெடுப்பது என்பதெல்லாம் முன்கூட்டியே வகுக்கப்பட்டவை.

சரி, இவ்வளவும் செய்து குழந்தைகள் காப்பாற்றப்படுகிறார்களா? நேர்மையாகப் பதில் சொல்வது கடினமான கேள்வி இது. 2007இல் 26 ஆய்வுக் குழுக்களின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த பெரிய ஆய்வு 'லான்செட்' இதழில் வந்தது. தாய்க்குத் தொற்று வந்த மூன்று வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கியவர்களில், எட்டு வாரத்துக்கு மேல் தாமதித்தவர்களைவிடக் கருவுக்குப் போகும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாக இருந்தது. ஆனால் அந்தச் சான்று பலவீனமானது என்று ஆசிரியர்களே எழுதினார்கள். குழந்தைக்கு நோய்க்குறிகள் குறைந்ததாகத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. பிறகு பிரான்சின் 36 மையங்களில் 143 பெண்களைக் கொண்டு நடந்த ஒப்பீட்டுச் சோதனை 2018இல் வெளியானது. ஸ்பைராமைசின் எடுத்தவர்களில் 30 விழுக்காடு, பைரிமெத்தமினும் சல்ஃபாடயசினும் எடுத்தவர்களில் 18.5 விழுக்காடு என்று தொற்று கருவுக்குப் போயிருந்தது. வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் எதிர்பார்த்த அளவு பெண்களைச் சேர்க்க முடியாததால் புள்ளியியல்படி உறுதிசொல்ல முடியவில்லை. என் கருத்தைக் கேட்டால், விரைந்த சிகிச்சையில் பயன் உண்டு என்றே நம்புகிறேன். 'விரைந்த' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. மாதாமாதம் பார்க்கிற ஏற்பாடு இல்லாத இடத்தில் அந்த விரைவு கிடைக்காது.

டென்மார்க் வேறு வழியில் போனது. தாய்மாரை விட்டுவிட்டு, 1999 முதல் பிறந்த குழந்தைகளின் குதிகால் ரத்தத்தில் சோதித்தது. சிகிச்சை பெற்ற குழந்தைகளின் விழித்திரையில் எதிர்பார்த்த பயன் தெரியாததால் 2007இல் நிறுத்திவிட்டது. ஸ்விட்சர்லாந்தும் தன் கர்ப்பகாலச் சோதனையை நிறுத்தப் பரிந்துரைத்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 1986 முதல் பிறந்த குழந்தைகளைச் சோதிக்கிறது. பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில் 2006-07இல் 1,46,307 குழந்தைகளைச் சோதித்தபோது 770க்கு ஒன்று வீதம் 190 குழந்தைகளுக்குப் பிறவித் தொற்று இருந்தது. அவர்களில் ஏறக்குறைய எண்பது விழுக்காட்டினருக்குக் கண்ணில் புண்ணோ தழும்போ இருந்தது. ஐரோப்பாவில் காணாத கொடுமை அது. தென் அமெரிக்காவில் உலவும் ஒட்டுண்ணி வகைகள் வேறு, அவற்றின் வீரியமும் வேறு. ஆகவே பிரான்சில் பலித்தது பிரேசிலுக்கும் பலிக்கும் என்றோ, டென்மார்க் கைவிட்டதைப் பிரேசிலும் கைவிடலாம் என்றோ சொல்ல முடியாது. ஒவ்வொரு நாடும் தன் மண்ணில் எத்தனை பேருக்குத் தொற்று, எந்த வகை, எந்த வழியில் வருகிறது என்று கணக்கெடுத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

நம் நாட்டுக் கணக்கு என்ன? 2014இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவின் பல பகுதிகளைச் சேர்ந்த குழந்தை பெறும் வயதுப் பெண்கள் 1,464 பேரின் ரத்தத்தைப் பார்த்தது. மொத்தத்தில் 22.4 விழுக்காட்டினருக்குப் பழைய தொற்றின் அடையாளம். மேற்கு மாநிலங்களில் 8.8தான்; தென்னகத்தில் 37.3. ஐஜிஎம் பாசிட்டிவ் 1.43. இதை வைத்துப் பார்த்தால், தென்னிந்தியப் பெண்களில் பத்தில் ஆறு பேர் இன்னும் பாதுகாப்பில்லாமல் கர்ப்பத்துக்குள் வருகிறார்கள். பத்தில் மூன்று நான்கு பேரின் டார்ச் ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' என்று தடித்த எழுத்து விழும். அந்த மூன்று நான்கு பேரும் அநேகமாகப் பயப்பட ஒன்றுமில்லாதவர்கள்.

ஐஜிஎம் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். வீண் பயத்தின் பெரும்பகுதி அங்கிருந்துதான் கிளம்புகிறது. தொற்று வந்த ஒரு வாரத்தில் ஐஜிஎம் தலைகாட்டும். ஐஜிஎம் என்றால் புதுத் தொற்று என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். டாக்ஸோபிளாஸ்மாவில் இந்த விதி செல்லாது. சிலருக்கு ஐஜிஎம் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூட நீடிக்கும். போதாததற்குச் சில கிட்டுகள் இல்லாத ஐஜிஎம்மை இருப்பதாகக் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 1997இல் மருத்துவர்களுக்கு ஓர் எச்சரிக்கையே அனுப்பியது: ஒரே ஒரு ஐஜிஎம் முடிவை மட்டும் நம்பிக் கர்ப்பிணி விஷயத்தில் முடிவெடுக்காதீர்கள் என்று. கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் ஜாக் ரெமிங்டன் நிறுவிய பரிசோதனைக் கூடம், வெளி லேபுகளில் ஐஜிஎம் பாசிட்டிவ் என்று வந்த கர்ப்பிணிகளின் ரத்தத்தை மறுபடி சோதித்தது. அவர்களில் ஏறக்குறைய அறுபது விழுக்காட்டினருக்குப் புதுத் தொற்றே இல்லை. அந்த முடிவை மருத்துவருக்கு விளக்கிச் சொன்னதால் தேவையற்ற கருக்கலைப்புகள் பாதியாகக் குறைந்தன என்று 2001இல் எழுதினார்கள். அந்த வாக்கியத்தை நான் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் உரக்கப் படித்துக் காட்டுவேன். மருந்து கொடுக்கவில்லை, அறுவை செய்யவில்லை. மறுபடி சோதித்துச் சரியான ஆளிடம் சரியாகச் சொன்னதில் குழந்தைகள் பிழைத்தார்கள்.

இது ஏன் நடக்கிறது என்று ஒரு மனக்கணக்கில் பார்க்கலாம். பத்தாயிரம் கர்ப்பிணிகள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் உண்மையாகவே புதுத் தொற்று பத்துப் பேருக்கு. சோதனை மிக நல்லது, நூற்றுக்கு ஒன்றுதான் தவறும் என்றும் வைத்துக்கொள்வோம். அப்போதும் தொற்றில்லாத ஏறக்குறைய நூறு பேருக்குப் பாசிட்டிவ் என்று வரும். கையில் இருக்கும் நூற்றுப் பத்து பாசிட்டிவ் ரிப்போர்ட்டுகளில் பத்துதான் உண்மை. அரிதான நோயைத் தேடி எல்லோரையும் சோதிக்கும்போது, மிக நல்ல சோதனைகூட இப்படித்தான் நடந்துகொள்ளும். கிட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த நூற்றுப் பத்துப் பேரில் பத்துப் பேரைப் பிரித்துக் காட்டும் இரண்டாம் படி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இரண்டாம் படி இருக்கிறது. அதற்கு அவிடிட்டி சோதனை என்று பெயர். தொற்று வந்த புதிதில் உடல் உண்டாக்கும் ஐஜிஜி, ஒட்டுண்ணியின் புரதத்தைத் தளர்வாகப் பற்றும். மாதங்கள் போகப் போக, புதிதாகத் தறியில் உட்கார்ந்தவரின் கை பழகுவதுபோல, பிடி இறுகிவரும். யூரியாவைச் சேர்த்து அலசினால் தளர்ந்த பிடி கழன்றுவிடும். இறுகிய பிடி நிற்கும். பிடி இறுக்கமாக இருந்தால், தொற்று நான்கு மாதத்துக்கு முற்பட்டது என்று நம்பலாம். ஆகவே பன்னிரண்டு வாரத்துக்குள் எடுத்த ரத்தத்தில் ஐஜிஎம் பாசிட்டிவ் என்றாலும், அவிடிட்டி உயர்ந்திருந்தால் அந்தத் தொற்று கர்ப்பத்துக்கு முந்தையது. ஒரே சோதனையில் அந்தப் பெண்ணின் பயம் தீர்ந்தது. ஆனால் அவிடிட்டி குறைவு என்பது புதுத் தொற்றுக்குச் சான்று ஆகாது. சிலருக்குப் பிடி இறுக நெடுநாளாகும். இன்னொன்று, இருபத்தைந்தாம் வாரத்தில் ரத்தம் எடுத்து அவிடிட்டி பார்த்தால் உயர்ந்திருந்தும் முதல் மாதங்களைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. எல்லாம் எந்த வாரத்தில் ரத்தம் எடுத்தோம் என்பதில் இருக்கிறது. வாரத்தைக் குறிக்காத ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்தான்.

இந்த 'டார்ச்' என்ற கூட்டுப்பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1971இல் ஆண்ட்ரே நாமியாஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் இதை உருவாக்கினார். பிறந்த குழந்தைக்கு ஒரே மாதிரியான நோய்க்குறிகளை உண்டாக்கும் தொற்றுகளை ஒன்றாக நினைவில் வைக்க உதவும் சொல் அது. நம் ஊரில் அது ஒரு பேக்கேஜாக மாறிவிட்டது. இரண்டு முறை கரு கலைந்தால் உடனே டார்ச். தொடர்ந்து கரு கலைவதற்கு டாக்ஸோபிளாஸ்மா காரணமில்லை. பழைய தொற்று ஒவ்வொரு கர்ப்பத்தையும் கலைத்துக்கொண்டே இருக்காது. அப்படியிருந்தும் ஐஜிஜி பாசிட்டிவ் என்று கண்டு வாரக்கணக்கில் மாத்திரை கொடுத்து, அடுத்த கர்ப்பம் தானாக நிலைத்தபோது மாத்திரையால் நிலைத்தது என்று நம்புகிற வழக்கம் இன்னும் போகவில்லை. ஏழைக் குடும்பம் அதற்குச் செலவழிக்கிற பணம் என்னை உறுத்துகிறது. அந்தப் பெண்ணின் மீது குடும்பம் ஏற்றிவிடுகிற 'உன் உடம்பில் கிருமி இருக்கிறது' என்ற பழி அதைவிட உறுத்துகிறது.

இனி, தொற்று எந்த வழியில் வருகிறது என்பது. ஒட்டுண்ணியின் பாலின வளர்ச்சி நடப்பது பூனைக் குடும்பத்து விலங்குகளின் குடலில் மட்டும். கிளாஸ்கோவில் வில்லியம் ஹட்சிசன் முதல் குறிப்பைக் கொடுத்தார். 1970ஐ ஒட்டி அவரும், அமெரிக்காவில் ஃப்ரெங்கலும், இந்தியாவில் பிறந்த ஜே. பி. துபேயும் இதை நிறுவினார்கள். ஆனால் இந்தச் செய்தி மக்களிடம் போய்ச் சேர்ந்தபோது பூனைமேல் ஒரு கொலைப்பழியாக மாறிவிட்டது. பூனை தன் முதல் தொற்றின்போது ஓரிரு வாரம்தான் முட்டைகளை மலத்தில் வெளியேற்றும். பிறகு பெரும்பாலும் நிறுத்திவிடும். அந்த முட்டைகளும் மண்ணில் ஒன்று முதல் ஐந்து நாள் கிடந்து முதிர்ந்த பிறகே தொற்றும். 2000இல் ஐரோப்பாவின் ஆறு மையங்களில் கர்ப்பிணிகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு, தொற்றில் 30 முதல் 63 விழுக்காடு வரை சரியாக வேகாத கறியாலும், 6 முதல் 17 விழுக்காடு மண்ணாலும் வந்ததாகக் கணக்கிட்டது. பூனையோடு பழகியதற்கும் தொற்றுக்கும் தொடர்பு தெரியவில்லை. பூனையைத் தெருவில் விட்டுவிட்டு, மதியம் கழுவாத கொத்தமல்லியைத் தின்றால் பயன் என்ன?

நம் சமையலில் கறி குழைய வேகும். ஆகவே பிரான்சின் முதல் வழி நமக்கு அவ்வளவு அகலமானதல்ல என்று நினைக்கிறேன். மண்ணும் தண்ணீரும்தான் நம் வழிகள். இதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு சான்று உண்டு. 2004ஐ ஒட்டிக் கோயம்புத்தூரில், நோய் எதிர்ப்புத் திறனில் குறையில்லாத ஆட்கள் திடீரென்று விழித்திரை அழற்சியோடு கண் மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். 248 பேரின் விவரங்கள் 2010இல் வெளியாயின. அது டாக்ஸோபிளாஸ்மா. நகரக் குடிநீர் வழியாகப் பரவியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். கனடாவின் விக்டோரியா நகரில் 1994-95இலும், பிரேசிலின் சாந்தா இசபெல் தோ இவாயி ஊரில் 2001-02இலும் தண்ணீரால் இந்தத் தொற்று திடீரெனப் பரவியிருக்கிறது. குழாய்நீரில் போடும் குளோரின் இந்த முட்டைகளைக் கொல்லாது. வடிகட்டினால் தடுக்கலாம், கொதிக்கவைத்தால் கொல்லலாம். கோயம்புத்தூரில் கண் நோயாளிகள் தெரியவந்தார்கள். அதே மாதங்களில் அதே தண்ணீரைக் குடித்த கர்ப்பிணிகள் எத்தனை பேர், அவர்கள் குழந்தைகளின் விழித்திரை எப்படி இருக்கிறது என்ற கேள்வி அந்தச் செய்தியைப் படித்த நாள் முதல் என்னை விடவில்லை. அந்தக் குழந்தைகள் இன்று இருபது வயதை ஒட்டியவர்கள்.

ஆகவே என் நிலைப்பாடு இது. பிரான்சின் தொடர் முழுவதையும் நாளைக்கே இங்கே கொண்டுவர முடியாது. மாதாமாதம் ரத்தம், பிசிஆர், குழந்தையின் கண்ணைப் பல ஆண்டு பின்தொடரும் ஏற்பாடு எல்லாம் இல்லாமல் முதல் கண்ணியை மட்டும் பிய்த்துக்கொண்டு வந்து எல்லோருக்கும் டார்ச் எழுதுவது கெடுதல். ஆனால் ஒன்றுமே செய்யாமல் இருப்பதும் சரியில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய்யும் நாளில் ஹீமோகுளோபின், சர்க்கரை, எச்ஐவி, சிஃபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி என்று ரத்தம் எடுக்கத்தான் செய்கிறோம். அந்த ரத்தத்திலிருந்து கொஞ்சம் சீரத்தைப் பிரித்து மைனஸ் இருபது டிகிரியில் பிரசவம் வரைக்கும் எடுத்துவைத்தால், பின்னால் ஸ்கேனில் மூளையில் படிவு தெரிந்தாலோ, தாய்க்கு நெறிகட்டிக் காய்ச்சல் வந்தாலோ, பழைய ரத்தத்தையும் புது ரத்தத்தையும் ஒரே நாளில் ஒரே லேபில் அருகருகே வைத்துப் பார்க்கலாம். பிரான்சு மாதாமாதம் எடுத்து அறிகிறதில் ஒரு பகுதியை, சந்தேகம் வந்த பெண்ணுக்கு மட்டும், நாமும் அறிந்துகொள்வோம். முதலில் ஒரு மாவட்டத்தில் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செலவில்லாத வேலையும் உண்டு. கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வரும்போது சொல்லும் செய்திகளில் இவற்றையும் சேர்க்கலாம்: கறியை நடுவில் சிவப்பு தெரியாமல் வேகவிடு, பச்சைக்கறி நறுக்கிய பலகையையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவு, பச்சையாகத் தின்னும் கீரை, வெள்ளரி, கொத்தமல்லியை ஓடும் தண்ணீரில் அலசு, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, தோட்டத்தில் கைவைத்தபின் கைகழுவாமல் வாயில் எதையும் போடாதே, பூனையின் மண்பெட்டியை வேறு யாராவது தினமும் அள்ளிக் கொட்டட்டும், பூனை வீட்டிலேயே இருக்கட்டும். இவை வேறு பல தொற்றுகளையும் சேர்த்துத் தடுக்கும்.

இங்கே உட்கார்ந்திருக்கும் லேப் டெக்னீஷியன் மாணவர்களிடம் கடைசியாக ஒன்று கேட்கிறேன். டாக்ஸோ சோதனைக்குச் சீட்டு வரும்போது கர்ப்பம் எத்தனையாவது வாரம் என்று கேட்டு எழுதுங்கள். அதற்கு ரிப்போர்ட்டில் ஒரு கட்டம் இல்லையென்றால் கையால் எழுதுங்கள். ஐஜிஜி பாசிட்டிவும் ஐஜிஎம் நெகட்டிவும் என்றால், 'பழைய தொற்று. தற்போதைய கர்ப்பத்துக்குப் பொதுவாக ஆபத்தில்லை' என்ற ஒரு வரியை உங்கள் மேலதிகாரியின் ஒப்புதலோடு தமிழில் அச்சிடுங்கள். ஐஜிஎம் பாசிட்டிவ் என்றால் தாளைக் கொடுத்தனுப்பும் முன் எழுதிய மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். அவிடிட்டி பார்க்க அதே சீரத்தை எடுத்துவைத்திருப்பதாகச் சொல்லுங்கள். மறுநாள் அந்தப் பெண் மறுபடி ஊசி குத்திக்கொள்ள வேண்டியதில்லை.